அந்தப் பெட்டியின் பூட்டைக் கழற்றுங்கள்: ஏ.இ.டி. வைத்திருக்கும் கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அலுவலகம், ரயில் நிலையம், விளையாட்டு அரங்கம், வணிக வளாகம், கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஆட்கள் கூடும் ஏதோ ஓர் இடத்தை நீங்கள் நிர்வகிக்கிறீர்கள். அங்கே ஒரு சுவரில், பச்சைப் பலகையில் வெள்ளை இதயமும் நடுவே மின்னல் கீற்றும் வரைந்த குறியோடு ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே இருப்பது தானியங்கி டிஃபிப்ரிலேட்டர், அதாவது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி, சுருக்கமாக ஏ.இ.டி. கட்டாயம் இருந்தோ இல்லாமலோ, பணம் போட்டு அதை வாங்கி வைத்ததற்கு முதலில் நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

முதலுதவிப் பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் நான் முதலில் கேட்பது, 'உங்கள் ஏ.இ.டி.யைக் காட்டுங்கள்' என்பதுதான். 'சாவி மேனேஜரிடம் இருக்கிறது' என்ற பதிலை அடிக்கடி கேட்டுவிட்டேன். சில இடங்களில் பெட்டி மருத்துவ அறைக்குள் இருக்கும். அந்த அறையை மாலையில் பூட்டிவிடுவார்கள். இன்னும் சில இடங்களில் காவலர் மேசையின் இழுப்பறைக்குள். ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லும் காரணங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: திருடு போய்விடும், தெரியாதவர்கள் எடுத்து யாருக்காவது ஷாக் கொடுத்துவிடுவார்கள், இங்கே யாருக்கும் பயிற்சி இல்லை. இப்படிச் சொல்பவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. பொறுப்பு அதிகம் என்பதால்தான் பூட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கருவி என்ன செய்கிறது, எதற்காக இவ்வளவு பாடுபட்டு இப்படி ஆக்கினார்கள் என்று தெரிந்தால் பூட்ட மனம் வராது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாரடைப்பு வேறு, இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் ஆள் நினைவோடு இருப்பார், பேசுவார். ஏ.இ.டி. அவருக்கானது அல்ல. அந்த அடைப்போ, வேறொரு காரணமோ இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துவிட்டால் மட்டும் நிலைமை மாறிவிடும். இதயத்தின் மேல் வலது அறையில் இருக்கும் ஒரு சிறு முடிச்சிலிருந்துதான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்தூண்டல் கிளம்புகிறது. அது வரிசையாகக் கீழறைகளுக்கு இறங்க, தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த ஒழுங்கு கெட்டு, கீழறைத் தசையின் ஒவ்வொரு பகுதியும் தன்பாட்டுக்குத் துடிக்க ஆரம்பிப்பதுதான் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். திறந்த மார்பில் அதைப் பார்த்தால் இதயம் நெளிந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே போகாது. சில நொடிகளில் ஆள் சரிந்துவிடுவார்.

மின் அதிர்ச்சி நின்ற இதயத்தை ஓட வைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. அது இதயத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் மேசையில் ஓங்கித் தட்டுவதைப் போலத்தான். அத்தனை தசை இழைகளும் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டு, ஒரே நேரத்தில் அடங்குகின்றன. அந்த இடைவெளியில் மேலே இருக்கும் முடிச்சு தன் வேலையைத் திரும்ப ஆரம்பிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. திரையில் காட்டுவதுபோல மானிட்டரில் நேர்கோடு ஓடும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்துப் பயன் இல்லை. அடக்குவதற்கு அங்கே எந்தக் குழப்பமும் இல்லை. அதனால் நேர்கோட்டைக் கண்டால் ஏ.இ.டி. ஷாக் கொடுக்காது, நெஞ்சை அழுத்தச் சொல்லும்.

குழப்பமான அந்த நடுக்கம் வெகுநேரம் நீடிக்காது. தசையில் மிச்சமிருக்கும் பிராணவாயு தீரத் தீர அது சோர்ந்து, கடைசியில் நேர்கோடாகிவிடும். யாரும் நெஞ்சை அழுத்தாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவியான சி.பி.ஆர். கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அழைப்பைக் கேட்டு, கிளம்பி, போக்குவரத்தைத் தாண்டி, உங்கள் லிஃப்டுக்குக் காத்திருந்துதான் வர முடியும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது இந்தக் கருவி வந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் பூட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1775-இல் டென்மார்க்கின் கால்நடை மருத்துவர் ஆபில்ட்கோர், கோழியின் தலையில் மின்சாரம் பாய்ச்சி உயிரற்றதுபோல் விழவைத்து, பிறகு மார்பில் பாய்ச்சி எழ வைத்ததாக எழுதினார். ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. 1899-இல் ஜெனீவாவில் பிரெவோ, பதெல்லி இருவரும் நாய்களில் செய்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள்: குறைந்த மின்சாரம் இதயத்தை நடுங்க வைக்கிறது, அதைவிட வலுவான மின்சாரம் அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது. முழுக் கருவிக்குமான அடிப்படை அதில் இருந்தது. ஆனாலும் முப்பது வருடம் யாரும் அதை எடுத்துக்கொண்டு மேலே போகவில்லை. அதன் பிறகு, கம்பத்தில் ஏறும் மின் ஊழியர்கள் ஷாக் அடித்து இறந்துகொண்டிருந்ததால் மின் நிறுவனங்களே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவன் என்ற மின் பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் அந்தப் பணியில் இறங்கினார்கள்.

மனிதரிடம் முதன்முதலில் பலித்தது 1947-இல், கிளீவ்லாந்தில். அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மார்பில் அறுவை செய்து முடிக்கும் தறுவாயில் இதயம் நின்றுபோனது. மார்பைத் திரும்பத் திறந்து, கையாலேயே இதயத்தைப் பிசைந்து பிசைந்து ரத்தத்தை ஓட வைத்தார். அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே. பிறகு தன் ஆய்வுக்கூடத்தில் இருந்த கருவியை வரவழைத்து, அதன் இரண்டு உலோகத் தகடுகளை இதயத்தின் மேலேயே வைத்துச் சுவர் மின்சாரத்தைப் பாய்ச்சினார். முதல் முறை பலிக்கவில்லை. மருந்து கொடுத்து மறுபடி பாய்ச்சியபோது இதயம் ஒழுங்குக்கு வந்தது. சிறுவன் நல்லபடியாக வீடு திரும்பினான். ஆனால் இதற்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று பாருங்கள்: அறுவை அரங்கம், திறந்த மார்பு, பக்கத்திலேயே பெக்கைப் போன்ற ஒருவர்.

அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றும், அந்த அறைக்கு வெளியே விழுந்து கிடப்பவரை நோக்கி இந்தக் கருவியைக் கொண்டுபோகும் வேலைதான். பாஸ்டனில் பால் ஸோல், மார்பைத் திறக்காமலே அதிர்ச்சி கொடுக்க முடியும் என்று 1956-இல் காட்டினார். அப்போதும் அது சுவரில் செருகும் மாறுமின்னோட்டம். பிளக் இல்லாத இடத்தில் உதவாது. சோவியத் நாட்டில் நௌம் குர்விச், யூனியேவ் என்பவரோடு சேர்ந்து 1939-லேயே வேறு வழியைக் கண்டிருந்தார். மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்து, ஒரே வீச்சில் விடுவது. மேற்கில் அதை நிலைநிறுத்தியவர் பெர்னார்ட் லவுன். பொறியாளர் பெர்கோவிட்ஸோடு சேர்ந்து 1962-இல் நேர்மின்னோட்டக் கருவியைக் கொண்டுவந்தார். இதயத்துக்குச் சேதம் குறைந்தது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சேர்த்து வைத்த மின்சாரம் போதும் என்றானதும் பேட்டரி போதும் என்றாகிவிட்டது.

அந்த வாய்ப்பை இறுகப் பிடித்தவர் பெல்ஃபாஸ்டின் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே, முதல் சில மணி நேரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். நோயாளி வரட்டும் என்று காத்திருப்பதில் என்ன பயன்? 1966 தொடக்கத்தில் கார் பேட்டரிகளில் ஓடும் ஒரு கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார். அதன் எடை 70 கிலோ. நம்பாதவர்கள் நிறைய இருந்தார்கள். சில வருடங்களிலேயே அதை 3 கிலோ சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இன்னொரு பக்கம் இதய மருத்துவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. தன் ஆசானை 1966-இல் இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பறிகொடுத்தவர். ஆபத்து எப்போது வரும் என்று தெரியாத ஒருவரை வாழ்நாள் முழுக்க மருத்துவமனையிலேயே வைத்திருக்க முடியாது, அதனால் கருவியை அவர் உடலுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று யோசித்தார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். லவுனே அதை எதிர்த்து எழுதினார். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் கருவி ஒரு நோயாளியின் உடலுக்குள் பொருத்தப்பட்டது. 2021-இல் கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சுருண்டு விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். மைதானத்திலேயே டிஃபிப்ரிலேட்டரால் அவரை மீட்டார்கள். பிறகு இந்த உட்கருவியைப் பொருத்திக்கொண்டு, அடுத்த ஆண்டே தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே தடைதான்: இதயத் துடிப்பின் வரைபடத்தைப் படித்து, ஷாக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு தேர்ந்த கண் வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்ச் டையாக்கும் அவர் கூட்டாளிகளும் அந்த முடிவைக் கருவியிடமே ஒப்படைத்தார்கள். அவர்களுடைய முதல் வடிவத்தில் ஒரு மின்முனையை நோயாளியின் வாய்க்குள் வைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு இரண்டு ஒட்டும் பட்டைகள் போதும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பெட்டி இந்த வரிசையின் கடைசிப் பிள்ளை. மருத்துவர் இல்லாத இடத்தில், பயிற்சி இல்லாத கையில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே உருவானது. ஒரு சாவிக்காரருக்காகக் காத்திருப்பது அது உருவான நோக்கத்துக்கே எதிரானது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மூடியைத் திறந்தாலோ பச்சைப் பொத்தானை அழுத்தினாலோ ஒரு குரல் பேச ஆரம்பிக்கும். மேல் ஆடையை நீக்கச் சொல்லும். கூடவே ஒரு சிறு உறையில் கத்தரிக்கோல், சவரக் கத்தி, துடைக்கத் துணி இருக்கும். வியர்வையோ தண்ணீரோ இருந்தால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை ஒட்டாது. பட்டை உள்ள பொதியைக் கிழித்துப் பின்தாளை உரித்தால் சில்லென்று பிசுபிசுக்கும் ஜெல். எங்கே ஒட்டுவது என்று அதிலேயே படம் இருக்கும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ஒட்டியதும் 'யாரும் தொட வேண்டாம், துடிப்பைப் பார்க்கிறேன்' என்ற பொருளில் சொல்லும். சில நொடிகள் அமைதி. அதிர்ச்சி தேவை என்றால் கெப்பாசிட்டர் நிரம்பும் மெல்லிய கீச்சொலி ஏறும், பொத்தான் மின்ன ஆரம்பிக்கும். அழுத்தினால் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், சில மில்லி வினாடிகள் மட்டும், ஏறக்குறைய 150 முதல் 200 ஜூல். மின்சாரம் ஒரு பக்கம் பாய்ந்து உடனே திசை மாறி மறுபக்கம் பாயும். பழைய கருவிகள் ஒரே திசையில் 360 ஜூல் வரை கொடுத்து செய்ததை இது குறைந்த ஆற்றலில் செய்கிறது. உடல் ஒரு முறை தூக்கிப்போடும். அப்புறம் குரல், நெஞ்சை அழுத்துவதைத் தொடரச் சொல்லும். உடனே ஆள் எழுந்து உட்காருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு நிமிடம் கழித்து அது திரும்பவும் பார்க்கும்.

தெரியாதவர் எடுத்து யாருக்காவது ஷாக் கொடுத்துவிடுவார் என்ற பயத்துக்கு இதுவே பதில். ஒழுங்காகத் துடிக்கும் இதயத்தில் ஒட்டினால் 'அதிர்ச்சி தேவையில்லை' என்று சொல்லிவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பயன்படுத்துபவர் பார்க்க வேண்டியது இரண்டுதான்: கூப்பிட்டால் பதில் இல்லையா, இயல்பாக மூச்சு விடவில்லையா. விட்டு விட்டு வரும் கொறட்டை மாதிரியான திணறலை மூச்சு என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. இதயம் நின்ற முதல் நிமிடங்களில் அது பலருக்கும் வரும்.

பயிற்சி இல்லை என்ற தயக்கத்துக்கும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொம்மையையும் ஏ.இ.டி.யையும் கொடுத்தார்கள். அவர்கள் சராசரியாக 90 வினாடிகளில் அதிர்ச்சி கொடுத்துவிட்டார்கள். அதே வேலைக்குப் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ ஊழியர்களுக்கு ஆன நேரம் 67 வினாடி. அதே காலத்தில் சிகாகோ விமான நிலையங்களில் இந்தப் பெட்டிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். முதல் இரண்டு வருடங்களில் மீட்கப்பட்ட 11 பேரில் 6 பேரை மீட்டவர்கள், ஏ.இ.டி.யில் பயிற்சியோ அனுபவமோ இல்லாத, அந்த வழியாகப் போன ஆட்கள். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் பாதுகாப்பு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு 2000-இல் வந்தது. விழுந்த மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். யோசித்துப் பாருங்கள், சாவி வைத்திருப்பவருக்கு ஃபோன் போட்டு, அவர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அலுவலக நேரத்தில் திறந்துதான் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு, கோபன்ஹேகனில் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பொது இடங்களில் இதயம் நின்று விழுந்தவர்களில் பத்தில் ஆறு பேர் விழுந்தது மாலையிலோ இரவிலோ வார இறுதியிலோதான். அந்த நேரங்களில் கதவு சாத்தியிருந்ததால், எட்டும் தூரத்தில் ஏ.இ.டி. இருந்தும் எடுக்க முடியாமல் போனது பாதிக்கு மேல்.

திருட்டு பயம் நியாயமானதுதான். அதற்குப் பூட்டைவிட நல்ல வழி உண்டு: திறந்தால் உரக்க அலறும் அலாரம் வைத்த பெட்டி. அந்தச் சத்தம் திருடனை விரட்டும், உதவிக்கு ஆளையும் கூட்டி வரும். கட்டடத்துக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள், பூட்டியே ஆக வேண்டும் என்றால் எண் பூட்டுப் போட்டு, அந்த எண்ணை ஆம்புலன்ஸ் சேவையிடம் பதிந்து வையுங்கள். அழைப்பவருக்கு அதைச் சொல்லும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டோ இல்லையோ, உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்புக் கருவியை நீங்கள் யாரும் பூட்டி வைத்ததை நான் பார்த்ததில்லை. அது தப்பான கையில் போனால் உண்டாகும் கேடு இதைவிட அதிகம்.

பூட்டைக் கழற்றிய கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கட்டடத்தின் கடைக்கோடி மூலையில் ஒருவரை நிற்கச் சொல்லி, அங்கிருந்து பெட்டிவரை விரைவாக நடந்து போய், எடுத்துக்கொண்டு திரும்பி வரச் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். லிஃப்டில் போக வேண்டியிருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் பெட்டி இருக்கும் இடம் சரியில்லை, அல்லது ஒரு பெட்டி போதவில்லை. காகிதத்தில் தூரத்தை அளந்து பயன் இல்லை. ஆளை நடக்கவைத்துப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் ஒரு சிறு பச்சை விளக்கோ குறியோ தெரியும். அதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்த ஓர் இடத்தில் கருவி விட்டு விட்டு ‘பீப்’ என்று கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. திறந்து பார்த்தால் பேட்டரி தீரும் நிலையில், பட்டைகளின் காலாவதித் தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. பட்டையின் ஜெல் இரண்டு முதல் நான்கு வருடங்களில் காய்ந்துவிடும். காய்ந்த பட்டை தோலில் ஒட்டாது, மின்சாரமும் சரியாகப் பாயாது. பேட்டரி நான்கைந்து வருடம் வரும். இரண்டின் தேதிகளையும் பெரிய எழுத்தில் பெட்டியின் வெளியே எழுதி ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை விளக்கைப் பார்ப்பது யார் வேலை என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை.

ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், நல்லதுதான். பயிற்சியில் ஒன்றை வெளிப்படையாகப் பேசச் சொல்லுங்கள்: விழுந்தவர் பெண் என்றால் பட்டை ஒட்டத் தயங்குகிறார்கள். ஆடையைக் கத்தரிப்பது, உள்ளாடையை நீக்குவது எல்லாம் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். அந்தத் தயக்கத்தில் போகும் நிமிடங்களும் நிமிடங்கள்தான். சுற்றி நிற்பவர்கள் முதுகைத் திருப்பி ஒரு மறைப்பாக நின்றால் போதும். இதை முன்கூட்டியே சொல்லித் தந்திருந்தால் அந்த நேரத்தில் கை நடுங்காது.

கடைசியாக, கருவியைப் பயன்படுத்த நேர்ந்தால் அதற்குப் பிறகு என்ன என்பதையும் யோசித்து வையுங்கள். நடந்தது முழுவதும் கருவியின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும். அது மருத்துவர்களுக்கு உதவும், அழியவிடாதீர்கள். பட்டை ஒருமுறைக்குத்தான், அதனால் இன்னொரு ஜோடியை இப்போதே வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை. அப்படி நேர்ந்தால், பட்டை ஒட்டிப் பொத்தானை அழுத்திய அந்த ஊழியரோ வழிப்போக்கரோ தன்னால்தான் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள், ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள், அடுத்த நாள் வேலைக்கு வரச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஒரு முதலுதவிப் பயிற்சியாளர்